எதிரொலி மன்னர் கிங் டப்பி

பாட்டு ஒன்றை எடுத்தார். அதிலிருந்த பாடகரின் குரலை நீக்கினார். மிச்சம் இருந்ததைத் தட்டில் பதித்துக் கொடுத்தார். ஜனங்கள் ஆவலோடு வாங்கினார்கள்!

இப்படியும் ஒரு வியாபாரம் உண்டா? உண்டு. ஜமேக்கா தீவில் நடந்தது. நடத்தியவர் பாடகர் அல்ல. வாத்தியம் எதுவும் வாசித்துப் பேர் வாங்கியவரும் அல்ல. ரேடியோ ரிப்பேர் செய்தவர். இயற்பெயர் ஆஸ்பர்ன் ரடக். உலகம் அவரைக் கிங் டப்பி என்று அழைக்கிறது. கிங் என்றால் மன்னர் அல்லவா? எதிரொலிக்கு அவர்தான் மன்னர்.

இன்று கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கலவை செய்யும் இளைஞர்கள், திரையில் தெரியும் சின்னஞ்சிறு குமிழைத் திருப்பி எதிரொலியைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். அந்தக் குமிழையே ஒரு வாத்தியம் போல வாசித்துக் காட்டியவர் டப்பி.

ரிப்பேர்காரர்

ஜமேக்கா என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. தலைநகரம் கிங்ஸ்டன். அங்கே 1941-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி டப்பி பிறந்தார். நகரின் நடுவே, ஹை ஹால்பர்ன் தெருவில் வளர்ந்தார். பிறகு அவருடைய குடும்பம் மேற்குப் பக்கத்தில் உள்ள வாட்டர்ஹவுஸ் என்ற பேட்டைக்குக் குடிபோயிற்று. ஏழைகள் நிறைந்த இடம் அது.

ஆங்கிலத்தில் டப்பி என்றால் குண்டர் என்று அர்த்தம். ஆனால் ஆள் குண்டு அல்ல. தாயாரின் குடும்பப் பெயர் டப்மன் என்றும், அதிலிருந்து வந்த செல்லப் பெயர் இது என்றும் சொல்வார்கள்.

மின்சாரத் தொழிலில் அவருக்கு இளவயதிலேயே பிடிப்பு உண்டாயிற்று. ரேடியோவைப் பழுது பார்த்தார். ஆம்ப்ளிபையர் கட்டினார். டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றினார். கிங்ஸ்டனில் மின்சாரம் ஏறும், இறங்கும். அதைச் சமன்படுத்தும் கருவிகளையும் செய்து விற்றார். பிற்காலத்தில் இசையில் பெரும் புகழ் பெற்ற பிறகும் இந்த வேலையை அவர் விடவில்லை. சோறு போட்டது இதுதான். எதையும் ஒழுங்காக, சுத்தமாக வைத்திருப்பார். உடையிலும் அப்படியே. கசங்கிய சட்டையோடு அவரைப் பார்ப்பது அரிது என்பார்கள்.

அந்த நாளில் ஜமேக்காவின் ஏழைகளுக்குப் பெரிய நடன மண்டபங்களில் நுழைய வழி இல்லை. வாத்தியக் குழுவை அமர்த்தக் காசும் இல்லை. எனவே திறந்த வெளியில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, தட்டு போட்டு, இரவு முழுவதும் ஆடுவார்கள். இதற்கு சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். நம் ஊர் மைக் செட் மாதிரிதான். ஆனால் பெட்டிகள் பீரோ உயரம் இருக்கும்! அடித்தொனி நெஞ்சில் வந்து மோதும்.

சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்குள் போட்டி பலமாக இருந்தது. யாருடைய சத்தம் பெரிது, யாரிடம் புதுத் தட்டு இருக்கிறது என்பதே பேச்சு. போட்டி முற்ற முற்ற ஆம்ப்ளிபையர்கள் எரிந்துபோயின. எரிய எரிய டப்பிக்கு வேலை வந்தது. பிறகு, மற்றவர்களுக்கு ரிப்பேர் செய்ததை நமக்கே செய்துகொண்டால் என்ன என்று எண்ணினார் போலும். 1960-களின் பிற்பகுதியில் ஹோம் டவுன் ஹை-பை என்ற பெயரில் சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டம் ஆரம்பித்தார். மற்றவர்களுடைய பெட்டி அலறும். இவருடையது தெளிவாகப் பேசும். போதாக்குறைக்கு, ஒலியோடு எதிரொலியையும் சேர்த்துவிட்டார். அந்த ஊர் ஜனங்கள் கேட்டறியாத புதுமை அது.

விடுபட்ட குரல்

டியூக் ரீட் என்று ஒரு தயாரிப்பாளர். முன்னாள் போலீஸ்காரர். இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடியவர். அவருடைய டிரஷர் ஐல் ஸ்டுடியோவில் டப்பி தட்டு வெட்டும் வேலை பார்த்தார். டேப்பில் இருக்கும் பாட்டை மெழுகு போன்ற மென்மையான தட்டில் கோடாக இழைத்து எடுப்பது அந்த வேலை. அந்தத் தட்டு நீடிக்காது. சில நாள் ஓட்டினால் தேய்ந்துவிடும். ஆனாலும் வேறு எவரிடமும் இல்லாத தட்டு என்பதால் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் அதற்காகப் பறந்தார்கள்.

1967, 68 வாக்கில் அங்கே ஒரு விபத்து நடந்ததாகச் சொல்லப்படுகிறது. நல்ல விபத்து! ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரருக்காக ஒரு பாட்டைத் தட்டில் வெட்டினார்கள். அப்போதெல்லாம் குரல் ஒரு தடத்திலும் வாத்தியங்கள் ஒரு தடத்திலுமாகப் பதிவாகி இருக்கும். வெட்டியவர் குரல் தடத்தைத் திறக்க மறந்துவிட்டார். வாத்தியம் மட்டும் பதிவாயிற்று. ரெட்வுட் அதைத் தூக்கி எறியவில்லை. அன்றிரவு நடனத்தில் முதலில் முழுப் பாட்டைப் போட்டார். அடுத்து, குரல் இல்லாத தட்டைப் போட்டார். கூடியிருந்த கூட்டமே பாட ஆரம்பித்துவிட்டது!

வியாபாரிகள் விடுவார்களா? தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் அதே பாட்டின் குரலில்லாத வடிவம் என்று அச்சிடத் தொடங்கினார்கள். இரண்டாவது பாட்டுக்குச் செலவு மிச்சம் அல்லவா? அதற்கு வெர்ஷன் என்று பெயர் வைத்தார்கள்.

டப்பியின் சவுண்ட் சிஸ்டத்தில் யூ-ராய் என்ற இளைஞர் மைக் பிடித்து வந்தார். குரல் இல்லாத அந்த இடைவெளிகளில் அவர் தாளத்தோடு பேசுவார், கூவுவார், கேலி செய்வார். 1970-ல் டியூக் ரீட் அவரை அழைத்துத் தட்டுகள் பதித்தார். ஒரே சமயத்தில் ஜமேக்காவில் முதல் மூன்று இடங்களும் யூ-ராயின் பாட்டுகளுக்கே கிடைத்தன. பிற்காலத்தில் அமெரிக்காவில் தோன்றிய ராப் பாட்டுக்கு இவருடைய பேச்சுப் பாட்டை முன்னோடி என்று பலர் கூறுவார்கள்.

யூ-ராய் பேசுவதற்காகத்தான் டப்பி பாட்டில் இடம் ஒழித்துக் கொடுத்தார். போகப் போக, அந்தக் காலி இடமே அவரைக் கவர்ந்துவிட்டது.

படுக்கையறை ஸ்டுடியோ

கிங்ஸ்டனில் டைனமிக் சவுண்ட்ஸ் என்ற பெரிய ஸ்டுடியோ இருந்தது. அவர்கள் புதுக் கருவிகள் வாங்கியபோது பழைய மிக்ஸரைக் கழித்துக் கட்டினார்கள். எம்.சி.ஐ. என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது. நாலு தட டேப்புக்கு ஏற்றது. 1970-களின் தொடக்கத்தில் டப்பி அதை வாங்கினார். நண்பரும் தயாரிப்பாளருமான பன்னி லீ பேரத்துக்கு உதவி செய்தார்.

வாட்டர்ஹவுஸில் டிரோமிலி அவென்யூ 18-ம் எண் வீடு. தாயாரின் வீடு. அங்கே ஒரு படுக்கையறையில் மிக்ஸரைப் பூட்டினார். குளியலறை, பாடகர் நிற்கும் அறை ஆயிற்று. வாத்தியக் குழு உட்கார அங்கே இடமே கிடையாது. வேறு ஸ்டுடியோக்களில் பதிந்த டேப்பைத் தயாரிப்பாளர்கள் கொண்டு வந்து கொடுப்பார்கள். குரல் சேர்ப்பதும், கலவை செய்வதும் மட்டும் இங்கே நடக்கும்.

கைவிடப்பட்ட அந்த மிக்ஸரைக் கொண்டு அவர் செய்ததுதான் அதிசயம். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் தொழில் நுணுக்கம் வேண்டும். பயப்பட வேண்டாம், எளிதுதான்.

மிக்ஸரில் ஒவ்வொரு தடத்துக்கும் மேலும் கீழும் நகரும் பிடி ஒன்று உண்டு. டிரம்முக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். அதே தடத்தில் சின்னக் குமிழ் ஒன்றும் உண்டு. அந்த ஒலியில் எவ்வளவு பங்கை எதிரொலிப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பதை இந்தக் குமிழ் தீர்மானிக்கும். பெட்டிக்குப் போன ஒலி, எதிரொலியாக மாறி, தனி வழியாக மிக்ஸருக்கே திரும்பி வந்து மூலத்தோடு சேரும்.

அனுப்பும் அந்தக் குமிழை ஸ்டுடியோக்காரர்கள் சென்ட் என்பார்கள். கல்யாண வீட்டில் பூசிக்கொள்ளும் சென்ட் அல்ல. ஆங்கிலத்தில் அனுப்பு என்று பொருள். ஆனாலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. அளவு மீறினால் இரண்டுமே தலைவலி!

மற்ற ஒலிப்பதிவாளர்கள் இந்தக் குமிழை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டுப் பாட்டு முடியும் வரை தொடமாட்டார்கள். பாடகர் ஒரு பெரிய மண்டபத்தில் நிற்பது போன்ற பிரமை உண்டானால் போதும் என்பது அவர்கள் எண்ணம். டப்பியின் வழி வேறு. அவருடைய குமிழ் பெரும்பாலும் மூடியே இருக்கும். பாடகர் ஒரு வரியைப் பாடிக்கொண்டே வருவார். வரியின் கடைசிச் சொல் வரும் கணத்தில் குமிழைச் சட்டென்று திறப்பார். அந்தச் சொல் மட்டும் எதிரொலிப் பெட்டிக்குள் விழும். உடனே மூடிவிடுவார். குரலின் பிடியையும் கீழே இறக்கிவிடுவார். பாடகர் மறைந்துவிட்டார், அவருடைய கடைசிச் சொல் மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டே தூரத்தில் போய்க் கரைகிறது. அது கரைவதற்குள் டிரம்மின் ஓர் அடியைத் தூக்கி உள்ளே போடுவார். பிறகு கிதாரின் ஒரு வெட்டு. இப்படியே பாட்டு முழுவதும்!

எதிரொலிக் கருவிகளிலும் அவருடைய ரிப்பேர்க் கை தெரிந்தது. ஒன்று டேப் கருவி. அதை அவரே திருத்தி அமைத்துக்கொண்டார். டேப்பில் ஒலியைப் பதிக்கும் முனை ஒன்று, படிக்கும் முனை ஒன்று. இரண்டுக்கும் சிறிது இடைவெளி. பதிந்த ஒலி அந்த இடைவெளியைக் கடந்து வரும் நேரமே எதிரொலியின் தாமதம். விநாடிக்கு 7½ அங்குலம் ஓடும் டேப்பில் முனைகளுக்கு இடையே 2 அங்குலம் இருந்தால், கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒலி திரும்பி வரும். திரும்பி வந்ததில் ஒரு பங்கை மறுபடியும் அதே கருவிக்கு அனுப்பினால், எதிரொலிக்கு எதிரொலி பிறக்கும். அனுப்பும் அளவு சிறிது குறைவாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் தேய்ந்து மறையும். சிறிது கூடிவிட்டால்? ஒவ்வொரு சுற்றிலும் பெருத்து, வீடே அதிரும்படி ஊளையிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நூலிழைதான். அந்த நூலிழையில் டப்பி நடந்தார். ஊளை கிளம்பும் வரை விட்டு, கேட்பவர் பதறும் சமயத்தில் இழுத்துப் பிடிப்பார்.

இன்னொன்று ஸ்பிரிங் பெட்டி. ஃபிஷர் என்ற கம்பெனியின் சாதனம். ஒலி, சுருள் கம்பிக்குள் ஓடி அதிர்ந்து, குகைக்குள் கேட்பது போல் வெளிவரும். அந்தப் பெட்டியைக் கையால் தட்டினால் இடி இடிக்கும். அதையும் பாட்டில் சேர்த்தார்.

மூன்றாவது, மிக்ஸரிலேயே இருந்த ஒரு பெரிய திருகு. ஒலியின் அடிப்பகுதியைப் படிப்படியாக வெட்டும் சாதனம். விநாடிக்கு 70 அதிர்வில் தொடங்கி 7500 அதிர்வு வரை போகும். டப்பி அதை ஓடும் பாட்டில் திருகுவார். கனமான ஒலி மெலிந்து மெலிந்து, தகரக் குழாய்க்குள் காற்று ஓடுவது போலாகிவிடும். திரும்பத் திருகியதும் முழு ஒலியும் வந்து விழும். பன்னி லீயின் பாட்டுகளில் சிம்பல் தட்டின் சீறல் பிரசித்தம். அதை இந்தத் திருகில் விட்டு எடுத்தபோது கிடைத்த சத்தம், வேறு எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்கவில்லை.

பேஸிடம் மட்டும் அவர் விளையாட்டு அவ்வளவாக இல்லை. அடித்தொனிக்கு எதிரொலி சேர்த்தால் எல்லாம் குழம்பிப்போகும். தரை உறுதியாக இருந்தால்தான் மேலே ஆட முடியும் என்பது நடனக் கொட்டகையில் வளர்ந்தவருக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும் பாட்டு ஓடும் நேரத்துக்குள், பத்து விரல்களால் செய்ய வேண்டும். தவறினால் டேப்பைப் பின்னால் சுற்றி முதலிலிருந்து. ஒரே பாட்டை இரண்டு முறை கலந்தால் இரண்டு விதமாக வரும். இப்படிப் பிறந்த இசைக்கு டப் என்று பெயர்.

இப்போது கம்ப்யூட்டரில் வேலை சுலபம். எந்த நொடியில் எவ்வளவு எதிரொலிக்குப் போக வேண்டும் என்பதைத் திரையில் கோடாக வரைந்துவிடலாம். ஒரு சொல்லுக்கு மட்டும் கோட்டை மேலே ஏற்றி, அடுத்த சொல்லுக்கு இறக்கலாம். பிடிக்காவிட்டால் அழிக்கலாம். இன்னொரு வசதியும் உண்டு. எதிரொலிக்குப் போகும் பங்கைப் பிடிக்கு முன்னால் பிரிப்பதா, பின்னால் பிரிப்பதா என்று ஒரு சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் பிரித்தால், பிடியை இறக்கும்போது புதிதாக எதுவும் பெட்டிக்குப் போகாது. முன்பு போனது மட்டும் தேய்ந்து மறையும். முன்னால் பிரித்தால், பிடியை அடியோடு இறக்கினாலும் ஒலி பெட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாடகர் இல்லை, அவருடைய நிழல் மட்டும் பாடுகிறது! இவ்வளவு இருந்தும், புதிதாகக் கலவை செய்கிறவர்களில் பலர் எல்லாத் தடங்களிலும் குமிழைத் திறந்து வைத்துவிட்டுச் சேறாக்கிவிடுகிறார்கள். டப்பியின் தட்டுகளை ஒரு வாரம் கேட்டால் இந்த வியாதி குணமாகும்.

பேரும் காசும்

தயாரிப்பாளர்கள் டிரோமிலி அவென்யூவுக்குப் படையெடுத்தார்கள். லீ பெர்ரி வந்தார். 1973-ல் வெளிவந்த அவருடைய பிளாக்போர்ட் ஜங்கிள் டப், முழுத் தட்டாக வந்த டப் இசையில் மிக முந்தியவற்றுள் ஒன்று. மெலோடிகா என்ற ஊதும் வாத்தியத்தில் வல்லவரான அகஸ்டஸ் பாப்லோ வந்தார். பாடகர் ஜேகப் மில்லரின் காதல் பாட்டு ஒன்றை டப்பியிடம் கொடுத்தார். திரும்பி வந்தது, கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன். டப் இசையில் இதற்கு இணை இல்லை என்று சொல்வோர் இன்றும் பலர். 1976-ல் அதே பெயரில் முழுத் தட்டும் வந்து இங்கிலாந்து வரை சக்கைப்போடு போட்டது.

கவனியுங்கள். ஒலிப்பதிவாளரின் பெயர் தட்டின் தலைப்பிலேயே வந்துவிட்டது! அதற்கு முன் அவருடைய பெயர் பின் அட்டையில் பொடி எழுத்தில் வந்தாலே பெரிது. ஆனால் பெயர் வந்த அளவுக்குக் காசு வந்ததா என்பது வேறு கேள்வி. பாட்டு தயாரிப்பாளருடையது. டேப்பும் அவருடையது. டப்பிக்குக் கலவைக் கூலி. வெளிநாட்டில் தட்டு எத்தனை விற்றாலும் பெரும் பணம் வேறு பைக்குள் போயிற்று. போதாததற்கு, சீடர்கள் கலந்த பாட்டுகளுக்குக்கூட அவர் பெயரைப் போட்டு விற்றார்கள். பெயருக்கு அவ்வளவு மவுசு! எந்தத் தட்டில் டப்பியின் கை, எதில் சீடரின் கை என்று ரசிகர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சீடர்கள் என்றோமே, அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பிலிப் ஸ்மார்ட் ஒருவர். கனடாவிலிருந்து திரும்பி வந்து சேர்ந்த லாயிட் ஜேம்ஸ் ஒருவர். அவருக்குப் பிரின்ஸ் ஜாமி என்று பட்டம். மன்னர் வீட்டில் இளவரசர் இருக்க வேண்டாமா? பதின்ம வயதில் மின்சார வேலை கற்க வந்த ஹோப்டன் பிரவுன் ஒருவர். அவருக்கு சயன்டிஸ்ட் என்று பெயர். கூப்பிட்டபடியே விஞ்ஞானி போல் விளையாடினார்.

வெளியே நிலைமை நன்றாக இல்லை. 1962-ல் சுதந்திரம் அடைந்த ஜமேக்காவில் இரண்டு அரசியல் கட்சிகளின் ஆட்கள் தெருத் தெருவாகத் துப்பாக்கியோடு மோதினார்கள். 1976-ல் நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் பாடகர் பாப் மார்லியின் வீட்டிலேயே புகுந்து சுட்டார்கள். 1980 தேர்தல் ஆண்டில் எண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வாட்டர்ஹவுஸ் அந்த நெருப்பின் நடுவே இருந்த பேட்டை. அங்கே ஓர் அறையில் உட்கார்ந்துதான் டப்பி எதிரொலிகளைத் தொடுத்துக்கொண்டிருந்தார். இரவில் சண்டை மூண்டால் வந்தவர்கள் விடியும் வரை அங்கேயே தங்கிவிடுவதும் உண்டாம்.

சீடர் முந்தினார்

1985-ல் காற்று திரும்பியது. திருப்பியவர் வேறு யாரும் அல்ல, சீடர் ஜாமிதான். கேசியோ என்ற சிறிய மின்சார வாத்தியத்தில் ஏற்கனவே பதித்து வைத்திருந்த ஒரு தாளத்தை எடுத்து, அதன் மேல் வேன் ஸ்மித் என்ற இளைஞரைப் பாட வைத்தார். டிரம்காரர் வேண்டாம், பேஸ்காரர் வேண்டாம். பாட்டு தீவையே கலக்கியது. ஒரே இரவில் எல்லாரும் கம்ப்யூட்டர் தாளத்துக்கு மாறினார்கள். ஜாமி, இளவரசர் பட்டத்தை உதறிவிட்டு கிங் ஜாமி ஆனார்.

டப்பி அசந்துவிடவில்லை. அதே 1985-ல் வாட்டர்ஹவுஸில் புது ஸ்டுடியோ கட்டி முடித்தார். முதல் முறையாக வாத்தியங்களையும் பதிவு செய்ய வசதி வந்தது. ஃபயர்ஹவுஸ் என்ற பெயரில் சொந்தமாகத் தட்டு வெளியிட்டார். அந்தோணி ரெட் ரோஸ் பாடிய டெம்போ என்ற பாட்டு நன்றாக ஓடியது. இத்தனை காலம் பிறர் டேப்பைக் கலந்து கூலி வாங்கியவர், இப்போது சொந்தச் சரக்குக்கு முதலாளி. ஆனால் அந்த நாட்களில் டப் கலவையில் அவர் நேரடியாக உட்காருவது குறைந்துவிட்டது. இளைஞர்களை உட்கார வைத்துத் தாம் பின்னால் நின்றார். ரசிகர்களுக்கு இது நஷ்டம் என்பதே நம் எண்ணம். வியாபாரியாக அவர் செய்தது சரி.

1989-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி. இரவு ஸ்டுடியோவில் வேலை முடிந்து, டுஹேனி பார்க் பகுதியில் இருந்த தம் வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் அவரை யாரோ சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 48. கொள்ளைக்காக நடந்த கொலை என்று பேசப்பட்டது. கொன்றவர் யார் என்பது துலங்கவே இல்லை.

கழித்துக் கட்டிய சாமானாக அவர் வாங்கிய அந்த எம்.சி.ஐ. மிக்ஸர், பிற்பாடு கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய், சியாட்டில் நகரத்து இசை அருங்காட்சியகத்தில் இடம் பெற்றது.